உழவர் கம்பெனிக்கு வரி வக்கீல் எதற்கு?

"விவசாயிக்கு வருமான வரி கிடையாது. ஆகவே விவசாயிகள் ஒன்று சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கும் வரி கிடையாது." உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கிய ஊர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பேச்சை நம்பிக் கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடி ஓடுவது வீண் செலவு, வீண் மனவேதனை.

சொந்த நிலத்தில் விளைந்த தேங்காயை விவசாயி விற்றால் அது விவசாய வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. அதே தேங்காயை முந்நூறு பேரிடம் வாங்கி, லாரியில் ஏற்றி, வெளியூரில் விற்றுக் கம்பெனி லாபம் பார்த்தால் அது வியாபார வருமானம். கம்பெனிக்கு நிலமும் இல்லை, சாகுபடியும் இல்லை. பங்கு போட்டவர்கள் அத்தனை பேரும் விவசாயிகளாக இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் பங்குதாரர் வேறு, கம்பெனி வேறு.

இந்த வித்தியாசத்தை முதல் நாளே எடுத்துச் சொல்லும் ஆள் உழவர் கம்பெனிக்குத் தேவை. பெரிய ஆலைகளும் வியாபார நிறுவனங்களும் வரி வக்கீல் இல்லாமல் ஓர் ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை. வழக்கு வந்த பிறகு வாதாடுவதற்காக அவர்கள் வக்கீலை வைத்திருக்கவில்லை. வழக்கு வராமல் தொழில் வளர வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். நம் சிறு விவசாயிகளின் கம்பெனிக்கும் அந்த உதவி வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

விதிகளை எழுதும்போதே

கூட்டுறவுச் சங்கத்தின் பொது நோக்கமும் கம்பெனியின் வியாபாரச் சுதந்திரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அதன்படி 2002-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் உற்பத்தியாளர் கம்பெனி என்ற புதிய வகை கம்பெனிச் சட்டத்தில் இடம் பெற்றது. இன்று 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் இதற்கெனத் தனி அத்தியாயமே இருக்கிறது.

பத்து விவசாயிகள் சேர்ந்தால் கம்பெனி தொடங்கலாம். இயக்குநர்கள் ஐந்து பேருக்குக் குறையாமலும் பதினைந்து பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஓர் ஓட்டுத்தான். பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. பதிவான 90 நாளுக்குள் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினராவது வந்தால்தான் பொதுக்கூட்டம் செல்லுபடியாகும். 400 பேர் உள்ள கம்பெனியில் 100 பேர் வந்து உட்கார வேண்டும் என்று அர்த்தம். அறுவடை மும்முரத்தில் கூட்டத்துக்குத் தேதி வைத்தால் இது நடக்குமா?

இவையெல்லாம் சட்டம் வகுத்தவை. இவற்றுக்குள் நம் ஊருக்கு ஏற்றபடி விதிகளை எழுதிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. உதாரணமாக, சரக்கையெல்லாம் தரகரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் வந்து ஓட்டுப் போடும் உறுப்பினர் எல்லா ஊரிலும் உண்டு. கம்பெனியோடு உண்மையாக வியாபாரம் செய்யும் உறுப்பினருக்கே ஓட்டுரிமை என்று விதிகளில் எழுதிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட விஷயங்களில்தான் சட்ட ஆலோசகரின் அறிவு பயன்படும். ஆனால் நடப்பது என்ன? வேறு ஏதோ ஒரு கம்பெனியின் விதிகளைப் பார்த்து நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் பதிவு செய்துவிடுகிறார்கள். களர் மண்ணுக்கும் கரிசல் மண்ணுக்கும் ஒரே உரச் சிபாரிசா?

எது வரிச் சரக்கு?

அடுத்து ஜி.எஸ்.டி. தன் நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயி இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி என்றால் தனி மனிதர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம். கம்பெனி அதில் சேராது. எனவே விவசாயிக்குள்ள விலக்கைக் கம்பெனி கேட்க முடியாது. அது என்ன சரக்கை விற்கிறது என்பதைப் பொறுத்தே வரி.

தேங்காய்க்கு வரி இல்லை. கொப்பரைக்கு 5 சதவீதம் உண்டு. பச்சை மஞ்சளுக்கு வரி இல்லை. வேகவைத்துக் காயவைத்த மஞ்சளுக்கு 5 சதவீதம் உண்டு. மூட்டையில் தளர்வாக அளந்து விற்கும் அரிசிக்கு வரி இல்லை. அதையே 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பையில் அடைத்து முத்திரைச் சீட்டு ஒட்டி விற்றால் 5 சதவீதம் உண்டு. இந்தப் பை அரிசி வரி 18-7-2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வரியில்லாச் சரக்கு மட்டுமே விற்கும் கம்பெனி பதிவு செய்ய வேண்டியதில்லை. வரிச் சரக்கும் விற்றால், தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பதிவு செய்ய வேண்டும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இங்கே இருக்கிறது. அந்த 40 லட்சத்தில் வரியில்லாச் சரக்கின் விற்பனையும் சேரும். ஒரு கம்பெனி 39 லட்சத்துக்குத் தேங்காயும் 2 லட்சத்துக்குக் கொப்பரையும் விற்பதாக வைத்துக்கொள்வோம். "கொப்பரை வெறும் 2 லட்சம்தானே" என்று இருந்துவிட முடியாது. மொத்தம் 41 லட்சம், பதிவு கட்டாயம். இன்னொன்று: பொள்ளாச்சிப் பக்கத்துக் கம்பெனி தன் கொப்பரையைப் பாலக்காட்டு வியாபாரிக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வரிச் சரக்கு. அதற்கு 40 லட்ச வரம்பு உதவாது.

முந்திரி விளையும் கடலூர், பண்ருட்டிப் பகுதிக்கு இன்னொரு விதி. ஓடு உடைக்காத முந்திரிக் கொட்டையை விவசாயியிடமிருந்து வாங்கும்போது, பதிவு பெற்ற கம்பெனியே அதற்குரிய வரியைச் செலுத்த வேண்டும். விற்பவர் விவசாயிதானே என்று விட்டுவிட்டால் பிற்பாடு வட்டியும் சேர்ந்து வரும்.

பதிவு என்றாலே தொல்லை என்று நினைக்க வேண்டாம். செக்கு, அரைவை இயந்திரம், பை தைக்கும் இயந்திரம் ஆகியவற்றை வாங்கும்போது செலுத்திய வரியை, வரிச் சரக்கு விற்கும் அளவுக்கு, தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளப் பதிவு பெற்ற கம்பெனிக்கே உரிமை உண்டு. இயந்திரம் வாங்கிய பிறகு பதிவு செய்வதா, பதிவு செய்த பிறகு வாங்குவதா என்பதை வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் கம்பெனியின் பணம் மிஞ்சும்.

தேதி தவறியதால் போன சலுகை

வருமான வரியில் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு ஒரு பெரிய சலுகை கொடுக்கப்பட்டது. 2018-ம் ஆண்டு நிதிச் சட்டம் 80-பி.ஏ. என்ற பிரிவைச் சேர்த்தது. ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய்க்குக் குறைவாக உள்ள கம்பெனி, தன் உறுப்பினர்கள் விளைவித்ததை விற்றோ, அதைப் பக்குவப்படுத்தியோ, உறுப்பினர்களுக்கு விதையும் கருவியும் வாங்கிக் கொடுத்தோ ஈட்டும் லாபம் முழுவதற்கும் கழிவு பெறலாம் என்றது அந்தப் பிரிவு. 2019-20 முதல் 2024-25 வரை ஆறு மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு அது வகுக்கப்பட்டது.

இதில் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, "உறுப்பினர்கள்" என்ற சொல். உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்கி விற்ற லாபத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. எனவே உறுப்பினர் சரக்குக்கு ஒரு கணக்கு, வெளியார் சரக்குக்கு ஒரு கணக்கு என்று கொள்முதல் நோட்டிலேயே பிரித்து எழுதியிருக்க வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு நினைவை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டாவது, கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் கழிவு. ஒரு நாள் தாமதமானாலும் உரிமை போயிற்று. "எங்களுக்குத்தான் வரியே இல்லையே, எப்போது தாக்கல் செய்தால் என்ன?" என்று இருந்த கம்பெனி, வரி இல்லாமல் போவதற்கான வழியைத் தானே அடைத்துக்கொண்டது.

சலுகைகள் வரும், போகும். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 1-4-2026 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025-ம் ஆண்டில் புதிய சட்டமே இயற்றப்பட்டது. பிரிவு எண்களெல்லாம் மாறும். இவற்றை ஆண்டுதோறும் படித்து, நமக்கு எது பொருந்தும் என்று சொல்வது வரி வக்கீலின் வேலை. வயலில் நிற்கும் இயக்குநர் இதைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

கொள்முதல் பணத்திலும் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்பதில்லை என்பது பொது விதி. விளைவித்த விவசாயியிடமே நேரில் வாங்கிய விளைபொருளுக்கு இதில் விலக்கு உண்டு. இடையில் ஒரு வியாபாரியிடம் வாங்கிவிட்டு ரொக்கம் கொடுத்தால் அந்த விலக்கு இல்லை. யாரிடம் வாங்கினோம் என்பதற்கு ரசீது இருந்தால்தான் விலக்கைக் கேட்க முடியும்.

வர வேண்டிய பணம் வர

சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை இழுத்தடிக்கும் வியாபாரியை நாம் நன்கு அறிவோம். கம்பெனி ஆன பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை, தொகைதான் பெரிதாகியிருக்கிறது. இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு மேலும் வலுச் சேர்த்தது. இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத வியாபாரி, அந்தக் கொள்முதலைப் பணம் கொடுக்கும் ஆண்டு வரை தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, பொருளை உற்பத்தி செய்பவருக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இல்லை. தேங்காயை அப்படியே வாங்கி விற்கும் கம்பெனிக்குக் கிடைக்காத பாதுகாப்பு, எண்ணெய் ஆட்டி விற்கும் கம்பெனிக்குக் கிடைக்கும். செக்குப் போடலாமா என்று யோசிக்கும் கம்பெனி, எண்ணெயில் நிற்கும் லாபத்தோடு இந்த லாபத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். இதை எடுத்துச் சொல்பவர்தான் தொழிலை வளர்க்கும் வக்கீல்.

விற்பனை ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். எடை எங்கே போடுவது? ஈரப்பதமும் கழிவும் எந்த அளவு வரை ஏற்பது? பணம் எத்தனை நாளில்? தகராறு வந்தால் எந்த ஊரில் தீர்ப்பது? கடைசிக் கேள்வியை நம்மவர்கள் படிப்பதே இல்லை. தாராபுரத்துக் கம்பெனி தன் வழக்குக்கு டில்லி வரை போக நேர்ந்தால் வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடத்தான் தோன்றும்.

வெளி முதல் வேண்டும்போது

கம்பெனி வளர்ந்தால் பெரிய முதல் தேவைப்படும். உற்பத்தியாளர் கம்பெனியின் பங்கை விவசாயி அல்லாதவர் வாங்க முடியாது என்று பார்த்தோம். அப்படியானால் வெளி முதலுக்கு வழியே இல்லையா?

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் திராட்சையும் தக்காளியும் விளைவிக்கும் விவசாயிகளின் ஸஹ்யாத்ரி பார்ம்ஸ் கம்பெனி இதற்கு வழி காட்டியது. பக்குவப்படுத்தும் தொழிலை நடத்தத் துணைக் கம்பெனி ஒன்றை வைத்துக்கொண்டு, 2022-ல் ஐரோப்பாவைச் சேர்ந்த நான்கு முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து சுமார் 310 கோடி ரூபாயைத் துணைக் கம்பெனிக்கு முதலாகப் பெற்றது. விவசாயிகளின் தாய்க் கம்பெனியில் வெளியார் நுழையவில்லை. திராட்சை விளைவித்தது விவசாயி. சந்தை பிடித்தது அதன் நிர்வாகம். முதல் வரும் வாய்க்காலை வெட்டிக் கொடுத்தது சட்டம் தெரிந்த மூளை.

எல்லாக் கம்பெனியும் ஸஹ்யாத்ரி ஆகிவிடாது. இருந்தாலும் முதல் போடுகிறேன் என்று வருபவர் நீட்டும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, நிர்வாகம் யார் கையில் நிற்கும் என்பதை நம் பக்கத்து வக்கீல் படித்துச் சொல்ல வேண்டும். வருபவரின் வக்கீல் அவருடைய நன்மையைத்தான் பார்ப்பார்.

கையெழுத்துப் போட்டவர் கதி

இவ்வளவும் சொன்னதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவம், ஒரு வருஷத் தாமதம் என்றால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் ஐந்தாண்டு காலத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராகும் தகுதியை இழப்பார்கள். 2017-ல் இந்த விதியின்கீழ் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தனர்.

நம் கம்பெனியில் இயக்குநர் யார்? இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். ஊர் நன்மைக்காக என்று கையெழுத்துப் போட்டவர். மகளிர் குழுவிலிருந்து வந்த ஒரு சகோதரி. இவர்கள் தலையில்தான் இந்தச் சுமை விழும்.

2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கு ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவுகிறது. அந்த மூன்று ஆண்டும் முதன்மை அலுவலர் சம்பளம், கணக்கர் சம்பளம் எல்லாம் அதில் நடந்துவிடும். நான்காவது ஆண்டில்தான் சோதனை. உதவி நின்றதும் முதலில் நிற்பது கணக்குத் தாக்கல். அது நின்றால் மூன்று ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதை மேலே சொன்னோம். ஆகவே உதவி வரும் காலத்திலேயே, ஆலோசகர் கட்டணத்துக்கென்று விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைக்கும் பழக்கம் வர வேண்டும்.

செலவு தாங்குமா?

"வக்கீல் கட்டணம் எங்கள் கம்பெனிக்குத் தாங்காது" என்பார்கள். ஒரு கம்பெனிக்குத் தாங்காது என்றால், ஒரு தாலுகாவில் உள்ள நான்கைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாமே. கதிர் அறுக்கும் இயந்திரத்தைச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கவில்லையா? மாதம் ஒரு நாள் அவர் வந்து, எல்லாக் கம்பெனியின் காகிதங்களையும் பார்த்து, அடுத்த மாதத்துத் தேதிகளைச் சுவரில் எழுதிவிட்டுப் போகட்டும். கணக்கைத் தணிக்கை செய்பவர் ஆடிட்டர். பதிவாளருக்கு உரிய படிவங்களைக் கவனிப்பவர் கம்பெனி செயலர். ஒப்பந்தத்தையும் நோட்டீஸையும் பார்ப்பவர் வக்கீல். மூவர் வேலையும் வேறு வேறு. ஆடிட்டர் ஒருவரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வக்கீலால் விலையைக் கொண்டுவர முடியாது. சரக்கு தரமாக இல்லாவிட்டால், உறுப்பினர்கள் கம்பெனிக்குச் சரக்கே கொடுக்காவிட்டால், எந்தச் சட்டமும் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றாது. அதேபோல, புரியாத காகிதத்தில் கையெழுத்து வாங்கும் ஆலோசகர் நமக்கு வேண்டாம். எந்தப் படிவம் எதற்காக என்று நம் பேச்சிலேயே இயக்குநர் குழுவுக்கு விளக்கிச் சொல்பவர்தான் வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒவ்வொரு இயக்குநரும் உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

விவசாயப் பெருமக்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அவசியம் போக வேண்டும். போய், மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கடந்த ஆண்டுக் கணக்கு எந்தத் தேதியில் தாக்கல் ஆனது? நாம் விற்கும் சரக்கில் வரிச் சரக்கு எது? நமக்குச் சட்ட ஆலோசகர் யார்? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். பதில் வராவிட்டால், ஆலோசகர் ஒருவரை அமர்த்தும் தீர்மானத்தை அன்றே போட்டுவிட்டுக் கலைய வேண்டும். மழை வந்த பிறகு வரப்பு வெட்டிப் பயனில்லை.